ஜீயஸ் முன்னால் அணைத்த கற்பூரம்

பிரேம்நாத் என் தம்பியைக் கொன்றான் என்று நான் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அவன் ஏதோ துணிந்து ஒரு காரியம் செய்ததுபோல் ஆகிவிடும். தன் கல்யாண மண்டபத்தின் திறப்பு விழாவுக்கு வெள்ளைத் துணி தொங்கவிட இடைஞ்சலாக இருக்கிறது என்று, உள்ளே ஒரு பெரிய சிலைக்குக் கட்டியிருந்த சாரத்தின் கீழ்ப்பக்கக் குறுக்கு மூங்கில்களை அறுக்கச் சொன்னான். அறுத்த பிறகு, சிலையின் தலைமுடிக்குப் பொன்வண்ணம் இன்னொரு கை பூச வேண்டும் என்று என் தம்பியை மேலே ஏற்றினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

ஏறுவதற்கு முன்னால் உதயசூரியன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, கீழ குறுக்கு மூங்கில எல்லாம் எடுத்துட்டாங்க. சாரம் ஆடுது. முதலாளி ஏறச் சொல்றாரு" என்றான். ஏறாதே, வீட்டுக்கு வா என்றேன். "நான் ஏறலன்னா வேற எவனையாவது ஏத்தி, முடிக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருவாரு" என்று சிரித்தான். அந்தச் சிலைமேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. சாரம் மடங்கி, முப்பதடி உயரத்திலிருந்து சிலையின் காலடியில் விழுந்தான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து வந்த சாரக்காரர்கள் இரண்டு பேரும் அன்று மாலையே படகேறிப் போனவர்கள்தான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

இதற்கு மேல் பிரேம்நாத் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அந்தச் சொல் எங்கள் காதுக்கு வந்தது. உதயன் குடித்திருந்தானாம். அதனால்தான் விழுந்தானாம். பிரேம்நாத் கண்ணாலேயே பார்த்தானாம்.

என் தம்பி அப்போது காப்புக் கட்டியிருந்தான். பங்குனியில் எங்கள் அம்மன் கோவிலில் தீ மிதிப்பார்கள். காப்புக் கட்டியவன் கவிச்சி தொடமாட்டான், மனைவியோடு ஒரே பாயில் படுக்கமாட்டான், பிறர் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பான். செத்துக் கிடந்தபோதும் அவன் மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு இருந்தது. அப்படிப்பட்டவனைக் குடித்தான் என்று சொன்னால் அது வெறும் பழி இல்லை. "காப்புக் கட்டிக்கிட்டுக் குடிச்சா ஆத்தா சும்மா விடுவாளா?" என்று கோவில் வாசலிலேயே பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி ரேவதியைக் கண்டால் தள்ளி நின்றார்கள். அவள் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தத்தையும், "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிரேம்நாத் எந்த வாயால் அதைச் சொன்னானோ அதே வாயால் எல்லார் முன்னிலையிலும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவன் நாசமாகப் போனால் அது எனக்குக் கிடைக்கும் உபரி.

இனி அந்தச் சிலையைப் பற்றி. யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் பிரேம்நாத் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு ஒலிம்பியா என்று பெயர். கிரீஸ் நாட்டில் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு. அங்கே பழங்காலத்தில் ஜீயஸ் என்ற கடவுளுக்குப் பொன்னாலும் தந்தத்தாலும் ஒரு மாபெரும் சிலை செய்து வைத்திருந்தார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்த கோலம். எழுந்து நின்றால் கோவில் கூரையே பெயர்ந்துவிடும் என்று பார்த்தவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தச் சிலை இன்று இல்லை. ஏதோ ஒரு படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, "இத மாதிரியே என் மண்டபத்துல வேணும், வர்றவன் வாயைப் பொளக்கணும்" என்று பிரேம்நாத் என் தம்பியிடம் சொன்னான்.

உதயன் கோபுரங்களில் சிமென்ட் பொம்மை செய்கிறவன். பகோடா வாசல்களுக்குச் சிங்கமும் செய்து கொடுப்பான். எதைச் செய்தாலும் அது யார், என்ன குணம், எதற்குக் கோபப்படும் என்று தெரியாமல் முகத்தில் கை வைக்கமாட்டான். நான் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மின்சாரம் இருக்கிற நேரமாகப் பார்த்து ஜீயஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டதைவிட அதிகமாகவே படித்தேன். எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது.

பிரேம்நாத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவனைப் போலச் சாமிக்குப் பயப்படுகிறவனை யாங்கோன் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அவன் காரில் முருகன், புத்தர், பர்மியரின் காவல் தெய்வமான போ போ ஜீ மூவரும் ஒரே கண்ணாடிக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பர்மியரின் நாட் தேவதைகளுக்கும் தேங்காய் கட்டுவான், மாதா கோவிலுக்கும் மெழுகுவத்தி அனுப்புவான். பக்தி ஒன்றும் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுமோ என்ற பயம்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழக்குத் தீராவிட்டால் சந்நிதியில் கற்பூரம் ஏற்றுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, பொய்யானால் என் குலம் விளங்காமல் போகட்டும் என்று உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். எங்கே எவ்வளவு புளுகுகிறவனும் கற்பூரத்துக்கு முன்னால் புளுகமாட்டான். கோவில் கமிட்டித் தலைவர் அப்பாசாமி ஐயாவிடம் போய், பிரேம்நாத்தைக் கூப்பிட்டுக் கற்பூரம் அணைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

கூப்பிட்டார்கள். பர்மியர் உடுத்தும் லோன்ஜிக் கைலியைப் பட்டில் கட்டிக்கொண்டு வந்தான். கோவில் மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் கேட்டதை அப்பாசாமி ஐயா சொன்னதும், திறந்திருந்த கருவறையை அவன் ஒருமுறை பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த ஒரு பார்வையிலேயே அவன் பொய் சொன்னது எனக்கு உறுதியாகிவிட்டது.

"சத்தியம் பண்ண நான் தயாருங்க, தலைவரே" என்றான். "ஆனா ஒரு விஷயம். அது நடந்த எடத்துலயே பண்றேன். உதயன் தன் கையால செஞ்ச அந்தப் பெரிய சாமி முன்னாடியே பண்றேன். அதைவிட என்னங்க வேணும்?"

கூட்டத்தில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல நடிகன் அவன்.

"நியாயமாத்தான் இருக்கு" என்றார் அப்பாசாமி ஐயா. "கற்பூரம் எங்க ஏத்தினாலும் கற்பூரம்தானே. என்ன சொல்ற, பவானி?"

ரேவதி என் கையைக் கிள்ளினாள். "ஒத்துக்காதீங்க அக்கா. அது சிமென்ட் பொம்மை. அதுக்கு என்ன சக்தி இருக்குது? தப்பிக்கப் பாக்குறான்" என்று காதில் சொன்னாள்.

தப்பிக்கத்தான் பார்த்தான், அது எனக்குத் தெரியாதா? நம் அம்மன் முன்னால் பொய் சொல்லத் துணிவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் யாரோ கும்பிட்டு, யாரோ மறந்துபோன சாமி என்றால் கேள்வி கேட்க ஆளில்லை என்று கணக்குப் போட்டான். அந்தச் சாமி யார் என்று ஒரு வார்த்தை படித்துப் பார்த்திருந்தால், அம்மன் காலிலேயே விழுந்து அங்கேயே கற்பூரத்தை ஏற்றுங்கள் என்று கெஞ்சியிருப்பான்.

"எனக்குச் சம்மதம், ஐயா" என்றேன். ரேவதி என் கையை உதறினாள். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எல்லாரும் ஒலிம்பியா மண்டபத்தில் கூடினோம். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் தம்பியின் வேலையை முழுசாகப் பார்த்தேன். கூரையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஜீயஸ். வலக்கையில் சிறகு வைத்த ஒரு சின்னப் பெண், இடக்கையில் கழுகு உட்கார்ந்த செங்கோல். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு இனித்தான் பேசப் போகிற மாதிரி இருந்தது. உதயன் விழுந்த இடத்தில் புதுப் பளிங்குக்கல் பதித்திருந்தார்கள். அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போய் நின்றேன்.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். பிரேம்நாத் முன்னால் வந்து நின்றான். குரல் நடுங்கவில்லை.

"உதயன் அன்னிக்குக் குடிச்சிருந்தான். சாரத்துல ஒரு மூங்கிலைக்கூட நான் எடுக்கச் சொல்லல. இது பொய்யின்னா என் குலம் வெளங்காமப் போகட்டும்."

சொல்லிவிட்டுப் பட்டென்று அடித்து அணைத்தான். ரேவதி அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். கை நிறையக் கரியோடு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மனசு ஆறிச்சா, சயாமா?" என்று கேட்டான். ஆசிரியை என்பதால் எல்லாரும் என்னைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆறிப்போச்சு" என்றேன். "நீங்க இவ்வளவு தைரியசாலின்னு எனக்குத் தெரியாது. இது எந்தச் சாமின்னு தெரிஞ்சுதானே சத்தியம் பண்ணீங்க?"

"ஏதோ கிரீஸ் சாமி."

"சத்தியத்துக்குச் சாமி."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அவசரப்படவில்லை. பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னேன்.

"அந்த நாட்டுல பெரிய சத்தியம்னா இவர் பேரைச் சொல்லித்தான் பண்ணுவாங்க. பொய்ச் சத்தியத்தைத் தண்டிக்கிறது இவரோட வேலை. இதே ஒலிம்பியாவுல இவருக்கு இன்னொரு சிலை இருந்துச்சு. விளையாட்டு வீரனுங்க பன்னி மாமிசத்துமேல நின்னு அதுக்கு முன்னாடி சத்தியம் பண்ணுவாங்க. அந்தச் சிலைக்கு ரெண்டு கையிலயும் இடி. புளுகுறவனுக்கு வயித்தைக் கலக்கணும்னே அப்படி வெச்சிருந்தாங்களாம். பொய்ச் சத்தியம் பண்ணினவன் வம்சத்துல ஒரு புல்லும் மிஞ்சாதுன்னு அவங்க நம்பினாங்க. நீங்க உண்மையத்தானே சொன்னீங்க, உங்களுக்கென்ன? வரட்டுங்களா?"

நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. எல்லாம் நான் படித்ததுதான். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். கரி அப்பிய உள்ளங்கையை லோன்ஜியில் தேய்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சித்திரை முடியும்போது எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் இடிதான் வரும். அந்த வருஷம் நன்றாகவே வந்தது. முதல் இடிக்கு பிரேம்நாத் டீக்கடையில் உட்கார்ந்திருந்தானாம். கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டு மேசைக்கடியில் குனிந்தானாம். அங்கே இருந்தவர்கள் சிரித்ததை எனக்கு வந்து சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அடுத்து மண்டபத்துக்கு இடிதாங்கி வைத்தான். வீட்டுக்கு வைத்தான். மழை இருட்டினால் காரை விட்டு இறங்க மறுத்தான். சிங்கப்பூரில் இருக்கிற ஒரே மகனுக்கு ஆவணியில் இதே மண்டபத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தினமும் அவனுக்குப் போன் போட்டு அங்கே இடி இடிக்கிறதா என்று கேட்டானாம். இதெல்லாம் ரேவதியின் அண்ணி பிரேம்நாத் வீட்டுச் சமையல்காரியிடமிருந்து கேட்டு வந்தவை. ஒவ்வொன்றும் எனக்குக் கல்கண்டாக இனித்தது.

ஒரு நாள் மண்டபத்துக்கு எதிரே நின்ற வாகை மரத்தில் இடி விழுந்தது. மரம் இரண்டாகப் பிளந்தது. மறுநாள் அவன் சிலையை உடைக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். எனக்குச் சேதி வந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தடுப்பதற்குப் போகவில்லை. தம்பியின் வேலையை உடைப்பதானால் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும், அவனிடம் ஒரு கதை சொல்ல வேண்டும் என்றும் போனேன்.

சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை குறுக்கு மூங்கில் எல்லாம் சரியாக இருந்தது.

"ஒடைக்கிறீங்களா? நல்லது" என்றேன். "ரோமாபுரி ராஜா ஒருத்தனும் இதைக் கழட்டிட்டு வரச் சொல்லி ஆளனுப்பினான். தலையை எடுத்துட்டுத் தன் தலையை வெக்கணும்னு அவனுக்கு ஆசை. வேலை ஆரம்பிச்சதும் செலை சத்தமாச் சிரிச்சிதாம். சாரம் சரிஞ்சி ஆளுங்க ஓடிப் போனாங்க. கொஞ்ச நாள்ல அந்த ராஜாவை அவன் காவல்காரனுங்களே வெட்டிப் போட்டாங்க. இதுவும் நான் எழுதினது இல்ல. அந்தக் காலத்து ஆளு எழுதினது."

பிரேம்நாத் அண்ணாந்து பார்த்தான். ஆட்களைக் கீழே இறங்கச் சொல்லிக் கத்தினான். சிலைக்குத் தலையிலிருந்து கால்வரை நீலத் தார்பாயைப் போட்டு மூடினார்கள். மூடிய பிறகு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பிணத்தை மூடி வைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் போனார்கள்.

அவன் என் வீட்டுக்கு வந்தது ஆனி மாதத்தில், கொட்டுகிற மழையில். நனைந்துபோய்ப் படியேறி வந்தான். இளைத்திருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. தலை துவட்டத் துண்டும் கொடுக்கவில்லை.

"சயாமா, பையனுக்கு ஜுரம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். என்ன ஜுரம்னு தெரியலையாம். நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவன் பிழைக்க வேண்டும் என்றே நினைத்தேன். ஆனால் அப்பனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ரேவதியின் மகளும் ஒரு பிள்ளைதான். அவள் கல்யாணத்தை நிறுத்தியபோது இவன் எங்கே இருந்தான்?

"எங்க பொய் சொன்னீங்களோ அங்கேயே, யாரு முன்னாடி சொன்னீங்களோ அவங்க முன்னாடியே, உண்மையச் சொல்லுங்க" என்றேன். "நான் கேக்குறது அவ்வளவுதான்."

மறுநாளே எல்லாரையும் கூட்டினான். கமிட்டிக்காரர்கள், பூசாரி, கோவில் வாசலில் நின்று பேசிய பெண்கள் எல்லாரும் வந்தார்கள். தார்பாயை எடுத்தார்கள். வெளியே மழை, உள்ளே ஜெனரேட்டர் விளக்கு. பிரேம்நாத் சிலைக்குக் கீழே மண்டியிட்டான். சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"உதயன் குடிக்கல. ஒரு சொட்டுகூடக் குடிக்கல. காப்புக் கட்டி விரதத்துல இருந்தான். மூங்கில அறுக்கச் சொன்னது நானு. சாரம் ஆடுதுங்க முதலாளின்னு சொன்னான். அதக் கேக்காம அவனை ஏத்தினது நானு. பேர் கெட்டுப் போயிடுமேன்னு அவன்மேல பழியப் போட்டேன்."

ரேவதி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அப்பாசாமி ஐயா முன்னால் போய் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க தலைவரே. எம் புருஷன் காப்புக் கட்டிக்கிட்டுக் குடிச்சானா?"

அவர் எழுந்து நின்று கை கூப்பினார். "இல்லம்மா. சுத்தமான ஆளு. நாங்கதான் பாவிங்க" என்றார். அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ரேவதியின் கையைப் பிடித்தார்கள். அவள் பிடிக்க விட்டாளே தவிர, எவள் கையையும் திருப்பிப் பிடிக்கவில்லை. என் தோளில் சாய்ந்து, தம்பி செத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள். நானும் அழுதேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ரேவதியும் நானும் தவிர எல்லாரும் போன பிறகு பிரேம்நாத் முழங்காலிலிருந்து எழாமலே என்னைக் கூப்பிட்டான்.

"இனி விட்டுருவாரா, சயாமா? உண்மையச் சொல்லிட்டேன். பரிகாரம் என்னன்னு படிச்சிருப்பீங்களே. ஆடு வெட்டணுமா? எண்ணெய் ஊத்தணுமா? எதுவானாலும் பண்றேன்."

"தேடிப் பாத்தேன்" என்றேன். உண்மையாகவே தேடினேன். "அம்மன் முன்னாடி பொய் சொல்லியிருந்தீங்கன்னா நம்ம பூசாரி ஒரு பரிகாரம் சொல்லியிருப்பாரு. நீங்க பண்ணிட்டு நிம்மதியாப் போயிருப்பீங்க. இவருக்கும் பூசாரிங்க இருந்தாங்க. கடைசிப் பூசாரி செத்து ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கோவில் இடிஞ்சி கல்லாக் கிடக்குது. அந்தச் செலையே எங்கேயோ கொண்டு போய் எரிஞ்சி போச்சுன்னு சொல்றாங்க. அவர் கோவம் எப்ப தீரும், தீருமா, தீராதான்னு கேட்டுச் சொல்ல உலகத்துல ஒரு ஆளு இல்ல. யாருக்கும் தெரியாத சாமியாப் பாத்து நீங்கதானே எடுத்தீங்க?"

நான் மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பான். அந்தச் சொல்லுக்காகத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கோ ஆற்றுப் பக்கம் இடி இடித்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு ரேவதியோடு வெளியே வந்தேன்.